சாப்பிட்ட சோறு எங்கே போகிறது?

(மாலைநேரக் கற்றல் மையம் ஒன்றில் தன்னார்வலர் ஒருவர் பேசியது)

 

வேலை முடிந்து, அடுப்பு வேலையும் முடிந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் இன்னும் சாப்பிடாமல்கூட வந்திருக்கலாம். இன்றைக்குப் பாடம் கரும்பலகையில் இல்லை. நம் வயிற்றுக்குள் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். உங்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வருகிற பெண். அப்புறம் ஏன் இதைப் பேசுகிறேன் என்று கேட்பீர்கள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு 11 மாதம். எனக்கு அப்போது 8 வயது. ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டாம் நாள் இறந்துவிட்டான்.

"தண்ணி குடுக்காதீங்க. குடுத்தா இன்னும் போகும்" என்று வீட்டில் சொன்னார்கள். தெருவிலும் சொன்னார்கள். சொன்ன எல்லோரும் அவன்மேல் பாசம் உள்ளவர்கள்தான். பாசம் இருந்தது. விவரம் இல்லை.

என் அம்மா இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பேசுகிறேன். "சொல்லு. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

அன்று நாங்கள் எங்கே தவறினோம்? அது புரிய வேண்டுமானால், முதலில் சோறு போகும் வழி தெரிய வேண்டும். வாருங்கள், ஒரு கவளம் சோற்றோடு நாமும் கூடவே போய்வருவோம்.

வாய்

நாம் சாப்பிடும் சோறு அப்படியே இரத்தத்தில் கலக்க முடியாது. ஒரு பருக்கைகூட இரத்தத்துக்குள் நுழைய முடியாது. அது மிக மிகச் சிறிய துகளாக வேண்டும். கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிதாக வேண்டும். அப்படிச் சிறிதாக்கும் வேலைக்குத்தான் செரிமானம் என்று பெயர்.

அந்த வேலை வாயிலேயே தொடங்கிவிடுகிறது. பற்கள் அரைக்கின்றன. வளர்ந்தவர்களுக்கு மொத்தம் 32 பற்கள். முன்பல் கடிக்கும். கோரைப்பல் கிழிக்கும். கடைவாய்ப்பல் ஆட்டுக்கல்போல் அரைக்கும். ஆட்டுக்கல்லில் மாவைத் தள்ளிவிட ஒரு கை வேண்டும் அல்லவா? வாயில் அந்தக் கை, நாக்கு.

ஆட்டும்போது தண்ணீர் தெளிப்போம். வாயில் அந்தத் தண்ணீர், உமிழ்நீர். ஒரு நாளைக்கு 1 முதல் 1½ லிட்டர் வரை ஊறுகிறது. அது வெறும் தண்ணீர் அல்ல. அதில் ஒரு நொதி இருக்கிறது. சோற்றில் உள்ள மாவுச்சத்தை அது சர்க்கரையாக உடைக்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கொஞ்சம் வெறும் சோற்றை வாயில் போடுங்கள். விழுங்காமல் நன்றாக மெல்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்து இலேசாக இனிக்கும். சர்க்கரை போடவில்லை. பிறகு எப்படி இனித்தது? உமிழ்நீர் செய்த வேலை அது. பெரியவர்கள் "நன்றாக மென்று சாப்பிடு" என்று சொன்னது வீண் பேச்சு அல்ல.

உணவுக்குழாய்

மென்ற சோற்றை விழுங்குகிறோம். தொண்டையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று மூச்சு போகும் வழி. மற்றொன்று சோறு போகும் வழி. விழுங்கும்போது ஒரு சின்ன மூடி வந்து மூச்சு வழியை மூடிக்கொள்கிறது. சாப்பிடும்போது சிரித்துப் பேசினால் சில நேரம் மூடி சரியாக மூடாது. அப்போதுதான் புரை ஏறுகிறது. யாரோ நம்மை நினைப்பதால் அல்ல!

அடுத்தது உணவுக்குழாய். அதன் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். சோறு இதில் தானாக விழுவதில்லை. குழாய் சுருங்கி விரிந்து தள்ளுகிறது. பாவாடைக்கு நாடா கோப்பீர்கள் அல்லவா? ஊக்கை உள்ளே விட்டு, துணியைச் சுருக்கிச் சுருக்கி முன்னே தள்ளுவீர்கள். அதே வேலைதான். ஆகவே படுத்துக்கொண்டு விழுங்கினாலும் சோறு வயிற்றுக்குப் போய்விடும். அதற்காக யாரும் படுத்துக்கொண்டு சாப்பிட வேண்டாம். குழந்தைகளுக்குப் படுக்க வைத்து ஊட்டவே வேண்டாம். புரை ஏறிவிடும்.

இரைப்பை

இப்போது இரைப்பைக்கு வந்துவிட்டோம். 'வயிறு' என்று நாம் தொட்டுக் காட்டுவது தொப்புளை. ஆனால் இரைப்பை இருப்பது அதற்கு மேலே, இடப்பக்க விலா எலும்பை ஒட்டி. அது ஒரு தோல்பை மாதிரி. 1 முதல் 1½ லிட்டர் வரை பிடிக்கும்.

இங்கே ஓர் அமிலம் சுரக்கிறது. நல்ல காரமான அமிலம். புளித்த ஏப்பம் வரும்போது நெஞ்சில் எரிகிறதே, அது இதுதான். உணவோடு வரும் பல கிருமிகளை இந்த அமிலம் கொன்றுவிடும். எல்லாவற்றையும் அல்ல. பருப்பு, முட்டை, மீன் இவற்றில் உள்ள புரதத்தை உடைக்கும் வேலையும் இங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் இரைப்பையே வெந்து போகாதா? போகாது. உள்பக்கம் முழுக்க வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. அதுதான் காப்பு.

வயிற்றுக்குள் நடப்பதை மனிதன் எப்படித் தெரிந்துகொண்டான்? அது ஒரு கதை. 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளந்தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. வில்லியம் போமாண்ட் என்ற மருத்துவர் சிகிச்சை செய்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் காயம் முழுதாக மூடவில்லை. இரைப்பைக்கு ஒரு சன்னல் வைத்தது போல ஓட்டை நின்றுவிட்டது. அந்த மருத்துவர் இறைச்சித் துண்டை நூலில் கட்டி உள்ளே விட்டார். சிறிது நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். இப்படிப் பல ஆண்டுகள் பார்த்து, 1833-இல் புத்தகமாக எழுதினார். இரைப்பைச் சாறு உணவைக் கரைக்கிறது என்று உலகம் கண்ணால் கண்டது அப்படித்தான். அந்தத் தொழிலாளி பட்ட சிரமமும் அதில் இருக்கிறது. அதையும் நாம் மறக்கக் கூடாது.

இரைப்பையில் சோறு 2 முதல் 4 மணி நேரம் இருக்கும். எண்ணெய்ப் பலகாரம் என்றால் இன்னும் நேரம் ஆகும். அதனால்தான் வடை தின்றால் சீக்கிரம் பசிப்பதில்லை. கடைசியில் எல்லாம் கஞ்சிபோல் ஆகிவிடும். அந்தக் கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குப் போகும்.

சிறுகுடல்

இதோ பாருங்கள், வீட்டிலிருந்து ஒரு பழைய சேலை கொண்டுவந்திருக்கிறேன். அக்கா, ஒரு முனையைப் பிடியுங்கள். அண்ணன், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவர் வரை போங்கள். பார்த்தீர்களா? இது 5½ மீட்டர். நம் சிறுகுடல் இதைவிடக் கொஞ்சம் நீளம். சுமார் 6 மீட்டர்.

இவ்வளவு நீளம் வயிற்றுக்குள் எப்படி அடங்குகிறது? சேலை எப்படி இடுப்பில் அடங்குகிறது? கொசுவிச் செருகுகிறோம். குடலும் அப்படித்தான் மடிந்து மடிந்து கிடக்கிறது. நீளம் அதிகமாக இருந்தும் அதற்குச் 'சிறுகுடல்' என்று பெயர் வந்தது ஏன்? அகலம் சிறிது. சுமார் 2½ சென்டிமீட்டர்தான்.

கஞ்சி இங்கே வந்ததும் இரண்டு பேர் உதவிக்கு வருகிறார்கள். ஒருவர் கல்லீரல். அவர் பித்தநீரை அனுப்புகிறார். எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போகுமா? சோப்புத்தூள் வேண்டும். பித்தநீர் அந்தச் சோப்புத்தூள் மாதிரி. எண்ணெயையும் கொழுப்பையும் சின்னச் சின்னத் துளிகளாகப் பிரிக்கிறது. மற்றவர் கணையம். அது அனுப்பும் சாறு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கிறது.

சரி, உணவு நன்றாக உடைந்துவிட்டது. ஆனால் அது இன்னும் குழாய்க்குள்தான் இருக்கிறது. இரத்தத்தில் சேர்ந்தால்தானே உடம்புக்குப் பயன்? அதை உறிஞ்சி எடுப்பதும் சிறுகுடல்தான்.

டர்க்கி டவல் பார்த்திருப்பீர்கள். அதில் நூல் சின்னச் சின்ன வளையமாக நிற்கும். அதனால்தான் ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிறது. சிறுகுடலின் உள்சுவரும் அப்படித்தான். இலட்சக்கணக்கான சின்ன விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். குடலின் உள்பரப்பு முழுவதையும் விரித்துப் போட முடிந்தால் சுமார் 30 சதுர மீட்டர் வரும். இந்த அறையைவிடப் பெரிது!

குடலுறிஞ்சிகள் எடுத்த சத்து இரத்தத்தில் கலக்கிறது. அந்த இரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைத் தரம்பார்த்து, வேண்டியதைச் சேமித்து, மீதியை உடம்புக்கு அனுப்புகிறது. களை எடுக்கும் கைக்கும், பாடம் எழுதும் விரலுக்கும், குழந்தைக்கு ஊறும் பாலுக்கும் சத்து இப்படித்தான் போய்ச் சேருகிறது.

பெருங்குடல்

மீதி இருப்பது சக்கை. அது பெருங்குடலுக்கு வருகிறது. இதன் நீளம் சுமார் 1½ மீட்டர். அகலம் அதிகம். சக்கையில் உள்ள தண்ணீரை இது உறிஞ்சிக்கொள்கிறது. இங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. எல்லாம் கெட்டவை அல்ல. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து நமக்கு உதவுபவையும் உண்டு. கீரை, முழுதானியம், பழம் இவற்றில் நார்ச்சத்து இருக்கிறது. நார்ச்சத்தும் தண்ணீரும் குறைந்தால் மலச்சிக்கல் வரும்.

வாயில் போட்ட கவளம் மலமாக வெளியேற 1 முதல் 3 நாள் வரை ஆகலாம். பயணம் முடிந்தது.

தண்ணீர்க் கணக்கு

இப்போது ஒரு கணக்கு. இதுதான் இன்றைய பாடத்தின் நடுப்பகுதி. கவனமாகக் கேளுங்கள்.

நாம் ஒரு நாளைக்குக் குடிப்பதும் உணவில் இருப்பதும் சேர்த்துச் சுமார் 2 லிட்டர் தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது. அதோடு உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையச் சாறு, குடல் சாறு எல்லாம் சேர்த்துச் சுமார் 7 லிட்டர். மொத்தம் எத்தனை? 9 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடத்தில் பாதிக்கு மேல்!

அந்த 7 லிட்டர் எங்கிருந்து வந்தது? நம் உடம்பிலிருந்து. நம் இரத்தத்திலிருந்து. குடல் அதைக் கடனாக வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கட்டிவிடுகிறது. 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். மீதியைப் பெருங்குடல் உறிஞ்சும். கடைசியில் மலத்தோடு வெளியே போவது ஒரு டம்ளருக்கும் குறைவு. அவ்வளவு சிக்கனம்.

வயிற்றுப்போக்கு என்றால் என்ன? கிருமி வந்து இந்தக் கணக்கைக் கெடுத்துவிடுகிறது. குடல் கடன் வாங்குகிறது. ஆனால் திருப்பிக் கட்ட முடியவில்லை. உடம்பின் தண்ணீர் அப்படியே வெளியே ஓடுகிறது. தண்ணீரோடு உப்பும் ஓடுகிறது.

காலராவில் இதை நிரூபித்துக் காட்டியவர் நம் நாட்டுக்காரர். கொல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே. காலராக் கிருமி குடலில் ஒரு நஞ்சை விடுகிறது, அந்த நஞ்சுதான் தண்ணீரை வெளியே இழுக்கிறது என்று 1959-இல் அவர் எழுதினார்.

இப்போது சொல்லுங்கள். ஓடுகிற தண்ணீர் நாம் குடித்த தண்ணீரா? இல்லை. உடம்பில் இருந்த தண்ணீர். நாம் கொடுக்காவிட்டாலும் அது ஓடும். அடியில் ஓட்டையான குடத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் ஓட்டை அடையுமா? குடம்தான் சீக்கிரம் காலியாகும்.

8 கிலோ குழந்தைக்கு 800 மில்லி தண்ணீர் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அது வெறும் 4 டம்ளர். என் தம்பிக்கு நாங்கள் தண்ணீரை நிறுத்தினோம். அம்மா பாலையும் நிறுத்தச் சொன்னார்கள். மாலைக்குள் அவன் கண் குழிவிழுந்துவிட்டது. அழுதான், கண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்தது எனக்கு நினைவு இருக்கிறது. அதன் பொருள் அப்போது எங்களுக்குத் தெரியாது.

மூடாத வாசல்

குடல்தான் கெட்டுவிட்டதே, கொடுக்கிற தண்ணீரை மட்டும் அது எப்படி உறிஞ்சும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பெரிய டாக்டர்களே பல காலம் இதைக் கேட்டார்கள்.

குடலின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் பல உண்டு. கிருமி சில வாசல்களைக் கெடுத்துவிடும். ஆனால் ஒரு வாசல் பெரும்பாலும் கெடுவதில்லை. அந்த வாசலுக்கு ஒரு விதி. உப்பு தனியாக வந்தால் விடாது. சர்க்கரை தனியாக வந்தால் விடாது. இரண்டும் கைகோத்து வந்தால் விடும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போய்விடும்.

இதுதான் உப்பு சர்க்கரைக் கரைசலின் ரகசியம். ஓ.ஆர்.எஸ். என்று சொல்கிறோமே, அது இதுதான். சர்க்கரை ருசிக்காகப் போடுவது அல்ல. உப்புக்குத் துணையாகப் போடுவது.

1971-ஆம் ஆண்டு. வங்கதேசப் போர். இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு அகதிகளாக வந்தார்கள். மழைக்காலம். நெருக்கடி. முகாம்களில் காலரா பரவியது. வனகாவ் என்ற ஊரில் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஊசி போடத் தெரிந்தவர்களும் போதவில்லை.

அங்கே இருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ். அவர் ஒரு முடிவு எடுத்தார். குளுக்கோஸ் சர்க்கரை, சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து சேர்க்கச் சொன்னார். கொல்கத்தாவில் ஓர் ஆய்வு மையத்தின் நூலக அறையில் பொட்டலம் கட்டினார்கள். பிளாஸ்டிக் பையின் வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். முகாமில் அதைத் தண்ணீரில் கரைத்துப் பீப்பாயில் வைத்தார்கள். கூட வந்த உறவினர்களே டம்ளரில் பிடித்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

முன்பு அங்கே 100 நோயாளிகளில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கரைசல் வந்த பிறகு 100-க்கு 4 பேருக்கும் குறைவு. ஊசி இல்லை. படுக்கை இல்லை. ஒரு டம்ளர், ஒரு தாய். அவ்வளவுதான்.

மகலனாபிஸ் 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டு அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

பொட்டலத்தைப் படியுங்கள்

இப்போது என் தம்பி கதையின் மீதியைச் சொல்கிறேன். இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

எங்கள் வீட்டில் அந்தப் பொட்டலம் இருந்தது. ஆம், இருந்தது. யாரோ ஒரு சுகாதார ஊழியர் கொடுத்துவிட்டுப் போனது. "பேதி போனால் கலக்கிக் கொடுங்கள்" என்றார். எவ்வளவு தண்ணீரில் என்று சொல்லவில்லை. அல்லது சொல்லியும் எங்களுக்கு நிற்கவில்லை. பொட்டலத்தில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அப்போது படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டத் தெரியும். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அம்மா முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தார். 1 லிட்டரில் கரைக்க வேண்டியது. ஐந்து மடங்கு உப்பு. தம்பி துப்பிவிட்டான். "புள்ளைக்கு இது ஒத்துக்கலை" என்று ஆச்சி சொன்னார். டம்ளரைக் கீழே ஊற்றிவிட்டார்கள்.

குறைந்த தண்ணீரில் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் மிகுந்துவிடும். அப்போது அது குடலுக்குள் தண்ணீரை மேலும் இழுக்கும். நோய் கூடும். மருந்து அதேதான். அளவு தப்பினால் கெடுதல்.

ஆகவே, அளவை எல்லோரும் சேர்ந்து சொல்வோம்.

பொட்டலத்தில் 1 லிட்டர் என்று இருந்தால் 1 லிட்டர் தண்ணீர். 200 மில்லி என்று இருந்தால் 200 மில்லி. சிறிய பொட்டலமும் வருகிறது, பெரிய பொட்டலமும் வருகிறது. படித்துப் பார்த்துத்தான் கரைக்க வேண்டும். பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரிக்கக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீர் நல்லது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது.

பொட்டலம் இல்லையா? 1 லிட்டர் சுத்தமான தண்ணீர். அதில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது.

ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் கொடுக்க வேண்டும். 2 வயதுக்குக் கீழே என்றால் கால் டம்ளர் முதல் அரை டம்ளர். அதற்கு மேல் என்றால் அரை முதல் ஒரு டம்ளர். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. 6 மாதம் தாண்டிய பிள்ளைக்குக் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம் கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடல் ஆறாது. சாப்பிட்டால்தான் ஆறும். ஜிங்க் மாத்திரையை, செவிலியர் சொல்லும் அளவில், 14 நாள் தர வேண்டும். போக்கு நின்ற பிறகும் நிறுத்தக் கூடாது. பொட்டலமும் மாத்திரையும் அங்கன்வாடியிலும் அரசு சுகாதார நிலையத்திலும் இலவசம்.

கடையில் இனிப்புப் பானங்களை 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டு விற்றது உண்டு. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றுப்போக்கைக் கூட்டும். ஆகவே கடையிலும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

சில அடையாளங்கள் தெரிந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. குழந்தை துவண்டு கிடக்கிறது. குடிக்க மாட்டேன் என்கிறது. கண் குழிந்திருக்கிறது. அழுதால் கண்ணீர் இல்லை. வெகுநேரமாகச் சிறுநீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது. மலத்தில் இரத்தம் வருகிறது. காய்ச்சல் அடிக்கிறது. குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் இதைச் செய்யவில்லை.

வராமல் தடுப்பது இன்னும் நல்லது. இந்தக் கிருமிகள் மலத்திலிருந்து கைக்கும், தண்ணீருக்கும், ஈக்கும், அங்கிருந்து வாய்க்கும் வருகின்றன. கழிப்பறை போய்வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சோறு ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குடிதண்ணீரைக் காய்ச்சி மூடி வையுங்கள். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து இப்போது நாடு முழுவதும் இலவசம். 6, 10, 14 வாரங்களில் சொட்டு விடுகிறார்கள். தவறவிடாதீர்கள்.

இன்றும் உலகத்தில் 5 வயதுக்குட்பட்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் தந்த கணக்கு இது. பெரிய எண். எனக்கு அதில் ஒரு முகம்தான் தெரிகிறது.

தம்பி போனபோது அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அது அவர் குற்றம் இல்லை. அவரைப் பள்ளிக்கு அனுப்ப யாரும் இல்லை. போன ஆண்டுதான் இந்த மையத்தில் சேர்ந்தார். முதலில் தன் பெயரை எழுதினார். பிறகு பஸ் போர்டு படித்தார். போன மாதம் என் அக்காள் பிள்ளைக்கு வயிற்றால் போனது. நான் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். "இரு" என்றார். என் கையிலிருந்து வாங்கினார். விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். "ஒரு லிட்டர்" என்று வாசித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொம்பை எடுத்து அளந்தார்.

இன்று ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்க வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பின்பக்கத்தைத் திருப்புங்கள். எழுத்து சிறியதுதான். அவசரம் இல்லை. தண்ணீரின் அளவு எங்கே போட்டிருக்கிறது என்று விரலை வையுங்கள். முதல் வரிசை அக்கா, நீங்கள் தொடங்குங்கள். சத்தமாக வாசியுங்கள்.

சொல்லுங்கள் பார்ப்போம்

1. சோற்றை வெகுநேரம் மென்றால் ஏன் இனிக்கிறது?

2. சிறுகுடலின் நீளம் எவ்வளவு? உங்கள் வீட்டில் எந்தப் பொருளோடு ஒப்பிடலாம்?

3. வயிற்றுப்போக்கில் வெளியேறும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

4. கரைசலில் உப்போடு சர்க்கரை ஏன் சேர்க்கிறோம்?

5. உங்கள் கையில் உள்ள பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும்? படித்து, உங்கள் நோட்டில் எழுதுங்கள்.